முப்பத்தொண்ணுல நிக்கணும்

ஏனுங்கக்கா, அந்தச் சன்னலைக் கொஞ்சம் சாத்திக்கலாமுங்களா?

எனக்குக் குளிரலைங்க. நான் மார்கழியிலயும் பச்சத்தண்ணியில குளிக்கிற ஆளு. வயித்துக்கிட்ட இருக்கறதுக்குத்தான் இந்தக் காத்து ஆகாது. பாதி சாத்தினாப் போதும். ஆ, அவ்வளவுதான். நல்லா இருப்பீங்க.

எத்தனை மாசமா? பாத்தீங்களா, நீங்களும் கேட்டுட்டீங்க. இன்னைக்குக் காலையில இருந்து இதோட பதினோரு பேரு. மாசமெல்லாம் இல்லைங்கக்கா. சொன்னாக் கத்தக்கூடாது. பாத்தாப் படிச்சவங்களாட்ட இருக்கறீங்க, கத்தமாட்டீங்கன்னு நம்பித்தான் சொல்றேன். இது பாம்பு.

உக்காருங்க, உக்காருங்க. எந்திரிச்சு எங்க போவீங்க? பொள்ளாச்சியிலயே படிக்கட்டுல தொங்கிட்டுத்தான் கிளம்புச்சு இந்த பஸ்ஸு. விசம் கிடையாதுங்க. ஆப்பிரிக்காப் பாம்பு. துணிப்பைக்குள்ள விட்டு, பையோட வாயை ரெண்டு முடிச்சுப் போட்டு, பாவாடை நாடாவோட சேத்துக் கட்டியிருக்கேன். பயந்துச்சுன்னாக்கூடக் கொத்தாது, பந்தாட்டச் சுருண்டுக்கும். இப்பவும் தேங்காய் கணக்காச் சுருண்டு தூங்குது. அதான் உங்களுக்கு அஞ்சு மாசமாட்டத் தெரியுது. வளக்கறதுக்குக் காகிதமெல்லாம் இருக்குதுங்க, எங்க வீட்டுக்காரர் பேர்ல. டைகர்னு பேரு. அவர் வெச்ச பேரு.

இவ என் மவ நிவிஷா. மூணு வயசு. எழுப்பிறாதீங்க, இவ முழிச்சா இந்த பஸ்ஸுக்கே கதை சொல்லிருவா.

நான் சுந்தராபுரத்துல எறங்கணும். நாலரைக்குப் போயிரும்னு கண்டக்டர் சொன்னார். வீட்டுக்கு நடந்தாப் பத்து நிமிசம். அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்துரும். அதுக்குள்ள டைகரைப் பெட்டியில விட்டுட்டு, நானும் சேலையை மாத்திட்டு வெங்காயம் உரிச்சுட்டு உக்காந்திருக்கணும். அவ்வளவுதானுங்க எனக்கு வேணும் இன்னைக்கு.

புரியலையா? சொல்றேன். உங்களுக்கும் உக்கடம் வரைக்கும் பொழுது போகணுமில்ல.

எங்க வீட்டுக்காரர் சார்ஜாவுல இருக்கார். பம்பு கம்பெனியில வேலை. போன வருசம் பொங்கல் முடிஞ்சு போனார், இந்தப் பொங்கலோட ஒரு வருசம் ஆச்சு. போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி டைகரை வாங்கிட்டு வந்தார். எனக்குத் துணைக்காம். ஊருல எல்லாரும் துணைக்கு நாய்தான வாங்குவாங்கன்னு கேட்டேன். "நாய்ன்னா குரைக்கும், அதைக் கொஞ்சறதுக்கு நாலு பேர் வாசல்ல வந்து நிப்பாங்க. பாம்புன்னா அமைதி" அப்படின்னார். நெசந்தானுங்க. டைகர் வந்த நாள்ல இருந்து எங்க வீட்டுக்கு ஒரு ஆள் வர்றதில்லை. பக்கத்து வீட்டு மலர்க்கா சர்க்கரை கேக்கறதுன்னாக்கூடக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு டம்ளரை மட்டும் நீட்டும்.

பாம்பு வளக்கறது கஷ்டமெல்லாம் இல்லை. பத்து நாளைக்கு ஒரு எலி. கடையில ஐஸ்ல வெச்சுக் குடுப்பாங்க, வெந்நியில காட்டி இடுக்கியில பிடிச்சு நீட்டினா வாங்கிக்கும். நம்ம புள்ளைங்களுக்கு ஒரு இட்லி ஊட்டறதுக்கு இது எவ்வளவோ தேவலை. கஷ்டம் என்னன்னா, சூடு.

மூணடி நீளக் கண்ணாடிப் பெட்டிங்க. ஒரு பக்கம் அடியில மெல்லிசா ஒரு ஷீட்டு, கரண்ட்ல சூடாகும். அந்தப் பக்கம் முப்பத்தொரு டிகிரி இருக்கணும். இந்தப் பக்கம் இருபத்தேழு. பாம்புக்குச் சொந்தமாச் சூடு கிடையாதுங்களாமா. நாம வெக்கற எடத்துல என்ன சூடோ அதுதான் அதுக்கு. குறைஞ்சா தின்னது செரிக்காது, சளி கட்டி வாயைத் திறந்து திறந்து மூச்சு விடும். கூடினா வெந்து போயிரும். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல பத்தாவதுல குளிர்ரத்தப் பிராணின்னு ஒரு பாடம் வந்துச்சு. அதை வெச்சுத்தான் குடும்பம் நடத்தணும்னு அப்பவே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு மார்க் சேத்து எடுத்திருப்பேன்.

அந்தச் சூட்டை அவர் அங்க இருந்தே பாப்பாருங்க. பெட்டிக்குள்ள பொத்தானாட்ட ஒரு கருவி. அது காட்டறது சார்ஜாவுல அவர் போன்ல தெரியும். ஒரு கேமராவும் உண்டு, பெட்டியைப் பாக்கறதுக்கு. பெட்டிக்கு நேரா வெக்கலாம்னுதான் நான் சொன்னேன். இல்லை, டிவி மேல வெச்சாத்தான் சரியா வரும்னார். அங்க வெச்சா வாசக்கதவும் சேந்து விழுகும். கதவைத் திறந்தாக் காத்து வந்து சூடு எறங்குதான்னு பாக்கணுமாமா. அங்க அவ்வளவு வேலைக்கு நடுவுல எவ்வளவு யோசனை பாருங்க.

ஒரு நாள் ரேசன் கடை வரிசையில நிக்கறேன். எனக்கு முன்னாடி நாலே பேரு. போன் அடிக்குது. "இருபத்தாறுக்கு வந்துருச்சு. எங்க இருக்கற?" பையைச் சுருட்டிட்டு ஓடறேன், இடுப்புல இவ. போய்ப் பாத்தா, பாம்பு வித்த கடைக்காரர் குடுத்த முள்ளு வெச்ச தெர்மாமீட்டர் ஒண்ணு பெட்டியில ஒட்டியிருக்குது, அதுல முப்பத்தொண்ணு. அப்படியே நிக்குது. கருவி கெட்டுப் போச்சாட்ட இருக்குதுன்னு சொன்னேன். "கடைக்காரனோட அஞ்சு ரூபா தெர்மாமீட்டரை நம்புவியா, என்னை நம்புவியா?" அவரைத்தான நம்பணும். அப்புறம் நானே கண்டுபிடிச்சேன். கடல் தாண்டிப் போகுதில்லைங்களா, வழியில கொஞ்சம் குறையுமாட்ட இருக்குது.

இன்னொண்ணும் கண்டுபிடிச்சேன். நான் வீட்ல இருந்தா எறங்கவே எறங்காது. வாசலைத் தாண்டினாத்தான் எறங்கும். பாம்புக்கு மனுச வாசம் தெரியும்ங்கறாங்க. என்னைத் தேடுதோ என்னமோ. தையல் கிளாசுக்குப் போனேன், மூணு நாள். மூணு நாளும் எறங்குச்சு. இவளை அங்கன்வாடியில விட்டேன், கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தது எட்டு நாள். எட்டு நாளும் எறங்குச்சு. டீச்சர் வீடு தேடி வந்து கேட்டுச்சு, ஏம்மா புள்ளையை அனுப்பறதில்லைன்னு. கேமராவுல பாத்துட்டு, "யாரு அது, எதுக்கு அவ்வளவு நேரம் கதவைத் திறந்து வெச்சுப் பேசற?"ன்னு போன் வந்துருச்சு. சரி போகட்டும்னு நானே வீட்ல இவளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்துட்டேன். நல்லா எழுதறா. ஆனா யாரையாவது பாத்தா விடமாட்டேங்கறா, அதான் ஒண்ணு. தண்ணிக் கேன் போடறவர் காலைக் கட்டிக்கிறா.

எங்கம்மா வீடு ஆனைமலைக்குப் பக்கத்துல. ரெண்டே பஸ்ஸு. போன பொங்கலுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் எங்கம்மா மொகத்தைப் பாக்கறேன்.

அவர் கெட்டவரெல்லாம் இல்லைங்க, நீங்க அப்படிப் பாக்காதீங்க. ஒரு தரம் கை நீட்டினதில்லை. ஒரே ஒரு தரம் சொன்னார், அதுவும் சிரிச்சுட்டேதான் சொன்னார். "டைகருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு வையி, ஒரு பாம்பைப் பாக்கத் தெரியாதவ புள்ளையை என்னத்தப் பாப்பே? எங்கம்மா வந்து நிவிஷாவைக் கூட்டிட்டுப் போயிரும்." விளையாட்டுக்குத்தான். எங்க மாமியாரும் பாசக்காரிதான். போன மாசம் நிவிஷாவுக்குன்னு சின்னதா ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்குதாமா அதோட வீட்ல.

சரி, இன்னைக்குக் கதைக்கு வாறேன்.

மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புன்னு ஒம்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் கரண்ட் நிறுத்துவாங்கல்ல? எங்க தெருவே திட்டும். எனக்கு அன்னைக்குத்தான் வேலை சாஸ்தி. வெந்நி வெச்சு ரப்பர் பையில ஊத்தி, துண்டைச் சுத்திப் பெட்டிக்குள்ள வெச்சு, மணிக்கொருக்கா மாத்தணும். ஆனா அன்னைக்குக் கேமரா ஓடாது. கருவியும் ஓடாது. இந்த மாசம் எந்தத் தேதின்னு பேப்பர்ல பாக்கறேன், இன்னைக்குப் போட்டிருந்துச்சு. இன்னைக்குத்தான் என் தங்கச்சி பிருந்தாவுக்குக் கட்டுச்சோத்து விருந்து. சமையக்கட்டுல பேப்பரைப் பிடிச்சுட்டு நின்னு சிரிச்சேன் பாருங்க, இவ பயந்து போய் "அம்மா அழாத"ங்கறா.

கட்டுச்சோறு தெரியாதுங்களா? நீங்க இந்தப் பக்கம் இல்லையாட்ட இருக்குது. ஒம்பதாம் மாசம் அம்மா வீட்ல இருந்து விதவிதமாச் சோறு கட்டிட்டுப் போய், பொண்ணுக்குப் போட்டு, வளையல் அடுக்கி, பிரசவத்துக்குக் கூட்டிட்டு வர்றது. கூடப்பொறந்தவ நான் ஒருத்தி. நான் போகலைன்னா எப்படிங்க?

டைகரை வீட்ல விட முடியாது, தை மாசக் குளிருக்கு வெந்நி யார் மாத்துவா? மலர்க்காகிட்டக் கேட்டேன். கேட்டைச் சாத்திட்டுப் போயிருச்சு. சரி, கூட்டிட்டே போயிரலாம். கரண்ட் போனதும் கட்டப்பையில வெந்நிப் பை, அதுமேல துண்டு, துண்டு மேல டைகர். ஒம்பதேகாலுக்கு அவர் போன் பண்ணினார். வெந்நி வெச்சியான்னு கேட்டார். வெச்சுட்டேங்கன்னேன். நான் நின்னது பஸ் ஸ்டாப்புல. என்ன சத்தம்னார். தெருவுல பந்தல் போடறாங்கன்னேன். பொய்தான். ஆனா வெந்நி வெச்சது நெசம்.

பொள்ளாச்சிக்கு வர்றதுக்குள்ள வெந்நி ஆறிப்போச்சு. பஸ் ஸ்டாண்டு கக்கூசுல நின்னு யோசிச்சேன். என் உடம்புச் சூடு முப்பத்தாறு முப்பத்தேழு. நடுவுல பாவாடைத் துணி, பைத் துணி. கழிச்சுப் பாத்தா முப்பத்தொண்ணுல வந்து நிக்கும். இடுப்புல கட்டிக்கிட்டேன். இந்தக் கணக்கைப் போட்டப்போ எனக்கே என் மேல ஒரு பெருமை வந்துருச்சுங்க. விருந்து வீட்ல இறங்கி நடக்கற வரைக்கும் அந்தப் பெருமை இருந்துச்சு.

வாசல்லயே சரசு அத்தை பிடிச்சுது. எங்கப்பாவோட தங்கச்சி. என் மூஞ்சியைப் பாக்கலை, வயித்தைத்தான் பாத்துச்சு. "ஏம் புள்ள கோகிலா, எத்தனை மாசம்?" அப்படின்னு சத்தமாக் கேட்டுச்சு. அப்புறம் சத்தமில்லாம விரலை மடக்குச்சு. தை, மார்கழி, கார்த்திகைன்னு பின்னாடியே எண்ணிட்டுப் போச்சு. எண்ணி முடிச்சுட்டு, "உன் வீட்டுக்காரன் நடுவுல வந்துட்டுப் போனானா?"ன்னு கேட்டுச்சு. அத்தை மவனும் இவரும் சார்ஜாவுல ஒரே ரூமு. வந்தாரா வரலையான்னு என்னையவிட அத்தைக்கு நல்லாத் தெரியும்.

உடனே இவ, என் மவராசி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "அம்மா வயித்துல பாம்பு இருக்குது!"ங்கறா. பந்தியே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். என்ன பண்றது?

எங்கம்மா சிரிக்கலை. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அரிசி மூட்டை வெச்ச ரூமுக்குள்ள விட்டுக் கதவைச் சாத்துச்சு. "யாருடி?"

"என்னம்மா?"

"யாருன்னு மட்டும் சொல்லு சாமி. உங்கப்பனுக்குத் தெரிய வேண்டாம். நான் பாத்துக்கறேன். யாரு?"

சேலையை விலக்கிப் பையைக் காட்டி முடிச்சை அவிழ்த்தேன். டைகர் தலையை மட்டும் நீட்டிப் பாத்துச்சு. எங்கம்மா அப்படியே அரிசி மூட்டை மேல உக்காந்துருச்சு. "பாம்பா," அப்படின்னுச்சு. "நல்லவேளை. பாம்புதானா." உலகத்துல பாம்பைப் பாத்து நல்லவேளைன்னு சொன்ன பொம்பளை எங்கம்மா ஒருத்தியாத்தான் இருக்கும். அப்புறம் நான் எல்லாத்தையும் சொன்னேன், உங்ககிட்டச் சொன்னேனே, இப்படியே சிரிச்சுட்டே. கருவி, கேமரா, ரேசன் கடை, மாமியா வாங்கின கட்டில் வரைக்கும். சொல்லிட்டே பாக்கறேன், எங்கம்மா கண்ணுல தண்ணியாக் கொட்டுது. பாம்பைக் கிட்டத்துல பாத்த பயம். அதுக்குப் பழக்கம் இல்லை.

"நீ போகாத அம்மிணி. புள்ளையைக் கூட்டிட்டு வந்துட்டயில்ல, நம்ம வீட்லயே இருந்துக்கோ"ன்னுச்சு.

"அம்மா, அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்துரும்"னேன்.

எங்கம்மா கண்ணைத் துடைச்சுச்சு. என் கையையே பாத்துட்டு இருந்துச்சு.

வெளிய போய் எல்லார்கிட்டயும் பாம்புதான்னு சொல்லிர்றேன், என் மவளை ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுன்னு எந்திரிச்சுச்சு. நான் விடலை. சொன்னா சரசு அத்தை இன்னைக்கே மவனுக்குச் சொல்லும். அவன் இவருக்குச் சொல்லுவான். டைகரைக் குளிர்ல பஸ்ஸு பஸ்ஸாத் தூக்கிட்டுத் திரிஞ்சேன்னு தெரிஞ்சா, அந்த விளையாட்டுப் பேச்சு நெசமாயிரும். நினைச்சுட்டுப் போகட்டும்மா, வயிறுன்னே நினைச்சுட்டுப் போகட்டும், அடுத்த தரம் பாக்கறப்போ வயிறு இருக்காதில்லன்னேன். எப்படி என் யோசனை?

மத்தபடி விருந்து நல்லா நடந்துச்சுங்க. பிருந்தா என்னைக் கண்டதும் மணையை விட்டு எந்திரிச்சு ஓடி வந்துட்டா, ஒம்பது மாசக்காரி. எல்லாரும் அவளைப் பிடிச்சு உக்கார வெச்சாங்க. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, எள்ளுச் சோறுன்னு நிவிஷா ஒரு பிடி பிடிச்சா. பன்னெண்டு புள்ளைங்களோட மண்ணுல பொரண்டா. வர மாட்டேன்னு தூணைக் கட்டிட்டு அழுதா, அதான் இப்படித் தூங்கறா. சரசு அத்தை என்னையும் மணையில உக்கார வெச்சு ரெண்டு கையிலயும் வளையல் போட்டுருச்சு. "உனக்கும் சேத்துப் போட்டுடறேன், அப்புறம் உனக்கு யாரு போடுவா?"ன்னு ஒரு மாதிரிச் சிரிச்சுது. இந்தா பாருங்க, பச்சையும் சிவப்புமா. நல்லாருக்குதில்ல? கண்ணாடி வளையல் போட்டு ஒரு வருசமாச்சுங்க. பெட்டி மூடியைத் தூக்கி வெக்கறப்போ இடிச்சுக்கும்னு நான் போடறதில்லை. அத்தையோட மருமக தேவிகா, "அக்கா சிரிங்க, சிரிங்க"ன்னு அஞ்சாறு போட்டோ எடுத்தா. கையை வயித்து மேல வெச்சுச் சிரின்னாங்க. வெச்சேன். டைகர் எந்திரிச்சுறக் கூடாதுன்னு ஒரு பக்கம் அமுக்கிப் பிடிச்ச மாதிரியும் ஆச்சு.

சாயங்காலம் ஆச்சுன்னா இது பெட்டிக்குள்ள மூலை மூலையாப் போய்த் தலையை வெச்சு முட்டிப் பாக்கும். எங்கயாச்சும் சந்து இருக்குதான்னு. "டேய், வெளிய குளுருடா"ம்பேன். இன்னைக்குப் பாருங்க, ஒரு தரம்கூட முட்டலை.

என்னங்கக்கா? போட்டோ எங்கிட்ட இல்லைங்க. தேவிகா போன்லதான் இருக்குது.

அவ யாருக்கு அனுப்புவா? அவ புருசனுக்கு அனுப்புவா. விருந்துன்னா எல்லாப் போட்டோவும் அன்னைக்கே அனுப்பிருவா, அவன் அங்க தனியாக் கெடக்கறானில்ல.

ஆமாங்க. அத்தை மவன்தான் அவ புருசன்.

ஆமா. ஒரே ரூமு.

இருங்க. மணி மூணேமுக்கால். அங்க ரெண்டேகால். சாப்பாட்டு நேரம். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாப்புடுவாங்க.

நான் வயிறுன்னு நினைச்சுக்கட்டும்னு விட்டது ஊர்க்காரங்களுக்குங்கக்கா. அவரை நான் நினைக்கவே இல்லை. அவர் மணியைப் பாத்துட்டு அஞ்சு மணிக்குக் கரண்ட் வர்றதுக்குக் காத்திருப்பார்னுதான் நினைச்சேன். வயிறு இல்லைன்னு சொல்லணும்னா பாம்பைச் சொல்லணும். பாம்பைச் சொன்னா இவளை… இவளைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. பாம்பைச் சொல்லலைன்னா வயிறு யாருதுன்னு கேப்பார். அப்பவும் இவளைத்தான் தூக்கிட்டுப் போவாங்க. அதென்ன, எந்தப் பக்கம் போனாலும் கண்ணாடியில இடிக்குது?

போன் அடிக்குது. அவர்தான். வீடியோ.

அடிக்கட்டும், மொத ரிங்குதான. இருங்க, யோசனை வருது. வெளிய வந்ததுக்குத் திட்டு வாங்கிக்கறேன், அது எனக்குப் பழக்கம். வயிறு காலியா இருக்கறதை அவர் கண்ணால பாக்கணும். சேலை மடிப்பு துருத்திட்டு இருந்துச்சுன்னு சொல்லிருவேன். டைகர் வீட்ல பெட்டியில இருக்குதுன்னு சொல்லிருவேன். கரண்ட் இல்லை, அவரால பாக்க முடியாது. மலர்க்கா வெந்நி மாத்துதுன்னு சொல்றேன். அது சரியா வரும்ல? நீங்க சொல்லுங்க, சரியா வரும்ல?

முடிச்சு வேற இறுகிப் போச்சு. இந்தா, வந்துருச்சு. இவ தலையை மட்டும் அந்தப் பக்கம் சாச்சுக்கோங்க.

நின்னுருச்சு. மறுபடியும் அடிக்கும். எடுக்கற வரைக்கும் அடிப்பார்.

பாருங்க, அடிக்குது.

அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். உங்க சால்வையைக் கொஞ்சம் விரிங்க. இதை உங்க மடியில வெச்சு மூடிக்கோங்க. ஒண்ணும் பண்ணாதுங்க, தேங்காய்னு நினைச்சுக்கோங்க. மூஞ்சியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கோங்க, நீங்க யாரோ நான் யாரோ. ரெண்டு கையையும் மேல வெச்சுப் பொத்திக்கோங்க, அமுக்காம. நான் பேசி முடிக்கற வரைக்கும் சூடு மட்டும் எறங்காமப் பாத்துக்கோங்கக்கா.